தீப வாரம், சலுகை விலையில்

அடி அண்ணாமலை
14.6.2025

தம்பி வளவனுக்கு,

அக்கா எழிலரசி எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியானு கேக்கறது முறை, கேட்டுட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனது எல்லாம் மத்தவங்களுக்குத்தான்.

இந்தக் காலத்துல என்ன லெட்டருனு சிரிக்காதே. போன்ல என் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருக்கே. போஸ்ட்மேனை எப்படிடா பிளாக் பண்ணுவே? அதான் உன் ஆபீஸ் விலாசத்துக்கே போடறேன். பதிலையும் பேப்பர்லயே எழுது. போன் எடுத்த காலத்துலயும் நீ கஸ்டமர்கிட்ட பேசற மாதிரியேதான் என்கிட்ட பேசினே, நடுவுல நடுவுல "நான் என்ன சொல்ல வரேன்னா"னு என் வாயை அடைச்சே. பேப்பர்ல அது நடக்காது.

நேத்து உங்க கம்பெனி ரிசார்ட்ல, நான் நிக்கற டெஸ்க்ல போன் அடிச்சுது. எடுத்தேன். "ஆரணியிலேந்து பேசறோம் மேடம். தீபத்துக்கு வர்றோம், நாங்க தள்ளுபடியில சேந்த மெம்பருங்க. ரூம் வரைக்கும் வீல் சேர் போவுமா? பாத்ரூம்ல உக்கார்ற மாதிரி இருக்குமா?"னு ஒரு குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம திரௌபதி அத்தைடா! அப்பாகூடப் பொறந்தவங்க. என் குரல் அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கடைசி வரைக்கும் மேடம்னுதான் கூப்பிட்டாங்க. நானும் "போகும்ங்க, இருக்குங்க"னு சொல்லிட்டு வெச்சேன்.

அப்பா அத்தைகிட்ட கையெழுத்து வாங்காம கிரிவலப் பாதை நிலத்தை வித்த நாள்லேந்து அவங்க நம்ம வீட்டு வாசப்படி மிதிச்சது இல்ல. அப்பா செத்ததுக்குக்கூட தெருவோட நின்னு அழுதுட்டுப் போனாங்க. நம்ம குடும்பத்துல அவங்க பேசற ஒரே ஆள் நீ. ஆரணி காலேஜ்ல நீ படிச்சப்போ மூணு வருஷம் உனக்கு சோறு போட்டு, துணி துவைச்சுப் போட்ட மகராசி. அவங்களுக்கே வித்திருக்கியே, உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

அவங்க வீட்டுக்காரரு மண்ணாங்கட்டி மாமா எந்த நிலைமையில இருக்காருனு உனக்குத் தெரியாதா? ரெண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். சர்வீஸ் பூரா தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டினவரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில தீபம் ஏத்தும்போது ஒரு வருஷம்கூட ஊருக்குள்ள இருந்ததில்ல. எங்கேயாவது டிராபிக்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஏத்தற நேரத்துல ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துடணும்னு அவருக்கு ஆசை. அந்த ஆசையை மோப்பம் பிடிச்சுத்தானே போனே?

என்ன வித்தே, என்ன சொல்லி வித்தே, எவ்வளவு குறைச்சு வித்தே, ஏன் குறைச்சே? எல்லாத்துக்கும் பதில் வேணும்.

கோவத்தோட,
அக்கா எழிலரசி


சென்னை
25.6.2025

அன்புள்ள அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீ பி.பி. மாத்திரை ஒழுங்கா போடறியா? உன் லெட்டரைப் படிச்சா போடற மாதிரி தெரியல. ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பாதே, இங்க பசங்க சிரிக்கறாங்க. கீழே ரூம் விலாசம் எழுதியிருக்கேன்.

நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகறேன்னே புரியல. நான் அத்தைக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். ரிசார்ட் ரூமை வாரக் கணக்குல விக்கறோம், வருஷத்துல அம்பத்திரண்டு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நம்பர். அதுல ஒரு வாரம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு அவங்களோடது. நாப்பத்தேழாவது வாரம், எங்க பாஷையில "தீப வாரம்". மலை தெரியற ரூம், லிஃப்ட் இருக்கு, படுத்துக்கிட்டே தீபம் பாக்கலாம். மாமா கண்ணுல தண்ணி வந்துடுச்சு தெரியுமா?

தள்ளுபடி ஏன்னு கேட்டே. ஆரம்பச் சலுகை அக்கா. புது மெம்பர்களை கௌரவிக்கறது. போர்டு விலையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஆச்சு. அதுவும் போதாதுனு வெள்ளி முலாம் போட்ட குத்துவிளக்கு, இட்லி குக்கர், கையெழுத்து போட்ட அன்னைக்கு ஓட்டல்ல பஃபே சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. நீ ஆடித் தள்ளுபடியில புடவை எடுக்கறது இல்லையா? கடைக்காரனைப் பாத்து ஏன்டா குறைச்சேனு சண்டை போடுவியா?

ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அத்தைகிட்ட நீ எதுவும் பேசாதே. உனக்கும் அவங்களுக்கும் ஆகாது. பேசினா தப்பாதான் எடுத்துப்பாங்க. கஸ்டமரை நான் பாத்துக்கறேன்.

மாத்திரை மறக்காதே.

உன் தம்பி,
வளவன்


அடி அண்ணாமலை
6.7.2025

வளவா,

மாத்திரை போட்டுட்டுத்தான் எழுதறேன். அதுக்கப்புறமும் கோவம் வருது.

"கஸ்டமரை நான் பாத்துக்கறேன்." அத்தைனு எழுதக்கூட உனக்குக் கை வரலை பாரு.

புடவைக் கதை சொல்றியா? புடவையை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்து, கலர் பிடிக்கலைனா மறுநாள் போய் மாத்திக்கலாம். உன் வாரத்தை எங்க கொண்டுபோய் மாத்தறது?

உன் லெட்டர் வந்த அன்னைக்கு சுவத்துல மாட்டியிருக்கிற நாள்காட்டியை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். உன் நாப்பத்தேழாவது வாரம் நவம்பர் 17லேந்து 23 வரைக்கும். தீபம் என்னைக்கு தெரியுமா? டிசம்பர் 3. போன வருஷம் டிசம்பர் 13. அதுக்கு முந்தின வருஷம் நவம்பர் 26, அந்த ஒரு வருஷம் மட்டும் உன் வாரத்துல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.

நம்ம ஊர்ல யாராவது தீபத்துக்கு இங்கிலீஷ் தேதி சொல்லிக் கேட்டிருக்கியா? கார்த்திகை மாசத்துல கிருத்திகை நட்சத்திரம் என்னைக்கோ, அன்னைக்குத்தான் தீபம். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும். வெளியூர்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வாரத்துக்கு நம்பர் போட்டவனுக்குத் தெரியாது, அவனை விட்டுடலாம். நீ அடி அண்ணாமலையில பொறந்து வளர்ந்தவன்டா! தீபத்துக்கு எந்தத் தேதியில ஸ்கூல் லீவுனு வருஷா வருஷம் வாத்தியாரை நச்சரிச்சவன். தீபம் வாரத்துல நிக்காதுனு உனக்குத் தெரியாதா? தெரியாதுனு மட்டும் எழுதிடாதே.

நீ பேசாதேனு சொன்னியேனு விடல, அத்தைக்குப் போன் பண்ணேன். தேதியைச் சொன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? "அப்பனுக்குப் பொறந்தது வேற எப்படி இருக்கும்? நான் நல்லா இருந்தா உங்களுக்கு ஆவாது. அந்தப் புள்ள ஒண்ணுதான் எங்களை நினைச்சுக்கினு கீது. அதையும் கெடுக்காதே"னு சொல்லி வெச்சுட்டாங்க. என் வயித்தெரிச்சலாம்.

நம்ம வீட்டு மாடியிலேந்தே தீபம் பளிச்சுனு தெரியும். ஒத்தப் பைசா வேணாம். ஆனா அவங்க நம்ம வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. யாரையும் கேக்காம சொந்தமா ஒரு இடம் வேணும்னுதான் வாங்கியிருக்காங்க. அந்த ரோஷத்தையும் சேத்துத்தான் நீ வித்திருக்கே.

நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. சொல்லு.

எழிலரசி


சென்னை
9.8.2025

அக்காவுக்கு,

லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. ஆடி மாசம், சேல்ஸ் டல். தினமும் ஓட்டல் சேல்ஸ் ஹால்ல எட்டு மணி நேரம் நிக்கறேன். கால் வீங்கிப் போச்சு. நீயும் டெஸ்க்ல நிக்கறவதான், உனக்குத் தெரியும்.

தேதி விஷயம் பாத்தேன். வார நம்பர் கம்பெனி போட்டது, நான் போடல. மாத்தித் தர ஏற்பாடு பண்றேன். அதுக்கெல்லாம் வழி இருக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாதே.

தள்ளுபடி பத்தி மறுபடியும் குத்திக் காட்டியிருக்கே. உள்ளதைச் சொல்றேன், கேட்டுக்கோ. அந்தச் சலுகை "இன்னைக்கு மட்டும்" சலுகை. ஒருத்தரை ஹாலுக்குக் கூட்டிட்டு வர எங்களுக்கு ஆகிற செலவு ஜாஸ்தி. போன் பண்ற பொண்ணுங்க சம்பளம், ஓட்டல் வாடகை, சாப்பாடு. அன்னைக்கே கையெழுத்து போட்டா மறுபடி கூப்பிடற செலவு மிச்சம். அந்த மிச்சத்தை அவங்களுக்கே திருப்பித் தர்றோம். இதுல என்ன தப்பு? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தாத்தான் கிஃப்ட்னு சொல்றதும் அதுக்குத்தான். தனியா வந்தா "வீட்ல கேட்டுட்டு வர்றேன்"னு போயிடுவாங்க.

மாமாவை டயாலிசிஸ் இல்லாத நாளாப் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். கார் அனுப்பினேன். யாருக்கும் அனுப்பறது இல்ல. மூணே மணி நேரத்துல முடிச்சு அனுப்பிட்டேன்.

வளவன்


அடி அண்ணாமலை
18.8.2025

வளவா,

நலமா இருப்பேனு வெச்சுக்கறேன்.

மாமாவை ஏ.சி. ஹால்ல மூணு மணி நேரம் உக்கார வெச்சிருக்கே. அதை வேற சாதனை மாதிரி எழுதறே. "வீட்ல கேட்டுட்டு வர்றேன்"னு யாரும் சொல்லிடக் கூடாது, இல்ல? வீட்டுக்குப் போனா நாள்காட்டி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி இருப்பா. அவ பேத்தி கூகுள்ல தேடிப் பாப்பா. அதுக்குத்தான் குக்கர். அதுக்குத்தான் விளக்கு. சோத்தைப் போட்டு வாசலை அடைச்சுட்டு விக்கறதுக்குப் பேரு சலுகை!

நீ ஹால்ல நிக்கறே, நான் டெஸ்க்ல நிக்கறேன்னு எழுதியிருக்கே. ரெண்டும் ஒண்ணா? நீ சிரிச்சுக்கிட்டே விக்கறே. ஆறு மாசம் கழிச்சு அவங்க என் முன்னால வந்து நிக்கறாங்க. போன பௌர்ணமிக்கு ஓசூர்லேந்து ஒரு குடும்பம் வந்துச்சு. கார்டைக் காட்டி ரூம் கேட்டாங்க. இல்லைனு சொல்லச் சொன்னாரு மேனேஜர். சொன்னேன். அந்த ஆளு என்னைப் பாத்து "திருட்டு முண்டை"னு திட்டினான், புள்ளைங்க முன்னாடி. எனக்கு அவன் மேல கோவமே வரலை. உன் மேலதான் வந்துச்சு.

அன்னைக்கு ரூம் காலி இல்லாம இல்ல. பௌர்ணமி, தீபம், வருஷப் பொறப்பு இதெல்லாம் மெம்பருக்குத் தர மாட்டாங்க. தனியா எடுத்து வெச்சு நாள் வாடகைக்கு விடறாங்க, வெளியாளுக்கு, மூணு மடங்கு ரேட்ல. மேனேஜரே சொன்னாரு. தீபத்தன்னைக்கு ரூமுக்கு எவனாவது தள்ளுபடி குடுப்பானாடா? கூவாமலே விக்குமே! அடைமழையில நாய்கூட வராத வாரம் இருக்கே, அதுக்குத்தான் விளக்கும் குக்கரும். விக்காததுக்குத்தான் தள்ளுபடி. டெஸ்க்ல நின்னு நான் கத்துக்கிட்டது இது.

இன்னொண்ணும் சொன்னாரு. நாப்பத்தேழாவது வாரம் முன்னெல்லாம் வெறும் நம்பராத்தான் இருந்துச்சாம். யாரும் சீண்ட மாட்டாங்களாம். அதுக்கு "தீப வாரம்"னு பேரு வெச்சா விக்கும்னு மீட்டிங்குல ஒருத்தன் எழுந்து சொன்னானாம். "திருவண்ணாமலைப் பையன்மா, பயங்கர மூளை"னு சிரிச்சாரு.

யாருடா அது?

எழிலரசி


அடி அண்ணாமலை
12.10.2025

வளவனுக்கு,

போன லெட்டருக்குப் பதில் வரலை. ரெண்டு மாசம் ஆகப் போகுது. உடம்பு கிடம்பு சரியில்லையோனு ஒரு நாள் நினைச்சு, உன் ரூம்மேட்டுக்குப் போன் பண்ணிட்டேன். "நல்லாத்தான் இருக்கான் அக்கா, நேத்துகூட பிரியாணி வாங்கிக் குடுத்தான், டார்கெட் முடிச்சுட்டான்"னு சொன்னான். அந்த டார்கெட் எப்படி முடிஞ்சுதுனு நேத்துதான் தெரிஞ்சுது.

அத்தை டெஸ்க்குக்குக் கூப்பிட்டாங்க. வாயெல்லாம் சந்தோஷம். "மேடம், நாங்க இப்ப ஃப்ளோட்டிங் மெம்பருங்க. எந்த வாரம் வேணா எடுத்துக்கலாமாம். தம்பி மறுபடியும் கூப்பிட்டு மாத்திக் குடுத்துச்சு. அதுக்குக்கூட தள்ளுபடி போட்டாங்க. தீபத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்டுல வெச்சிருக்காங்களாம். ரூம் எங்களுக்காக வெயிட் பண்ணுதாம்"னாங்க.

ரூம் அவங்களுக்காக வெயிட் பண்ணுதாம்! வளவா, அத்தை ரயில்ல போனதே இல்ல. மாமா ஓட்டின பஸ்ஸுலதான் போய் வந்தாங்க. வெயிட்டிங் லிஸ்ட்னா அவங்களுக்கு என்ன தெரியும்? நீயாவது என்னனு சொல்லியிருக்கலாம், இல்ல அவங்க புரிஞ்சுக்கிட்டதே வசதினு விட்டுட்டே.

"மாத்தித் தர வழி இருக்கு"னு எழுதினியே, இதுவா உன் வழி? இல்லாத தீபத்தை ஒரு தடவை வித்தே. அது இல்லைனு நான் சொன்ன உடனே, அதையே காட்டி இன்னொரு தடவை வித்திருக்கே. என் லெட்டரைப் படிச்சுட்டு விக்கப் போயிருக்கேடா! உனக்கு நான் ஐடியா குடுத்த மாதிரி ஆயிடுச்சு. துப்புக்கெட்டவனே. அம்மா இருந்திருந்தா விளக்குமாத்தை எடுத்திருப்பாங்க.

எழிலரசி


சென்னை
22.10.2025

அக்கா,

தீபாவளிக்கு வர முடியல. நீ எழுதினதுக்கு அப்புறம் வரவும் தோணல.

நீ ரொம்ப யோக்கியம் மாதிரி எழுதறே. மச்சான் உன்னை விட்டுட்டுப் போனப்போ யாரு உனக்கு வேலை வாங்கிக் குடுத்தது? நான். மாசாமாசம் நீ வாங்கற சம்பளம் எங்கேந்து வருதுனு நினைச்சே? அண்ணாமலையார் உண்டியல்லேந்தா? நான் விக்கறதுலேந்து வருது. அத்தை கட்டினதுல ஒரு பங்கு உன் வீட்டு அரிசியிலயும் இருக்கு. அந்தச் சோத்தைத் தின்னுட்டு என்னைத் துப்புக்கெட்டவன்ங்கறே.

தள்ளுபடி ஏன், தள்ளுபடி ஏன்னு உயிரை எடுத்தியே. இந்தா, வெச்சுக்கோ. போர்டுல போட்டிருக்கிற விலையே குறைக்கறதுக்காகப் போட்டதுதான். அந்த விலைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கினது இல்ல. முதல்ல நான் ஒரு விலை சொல்வேன், அவங்க முகம் சுருங்கும். மேனேஜர்னு ஒருத்தர் வருவாரு, எங்க ஆளுதான், "இவங்க நம்ம வளவனோட சொந்தமா?"னு கேட்டு இன்னும் குறைப்பாரு. அவங்களுக்காக நாங்க சண்டை போட்டு வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கும். எவ்வளவு குறைச்சாலும் நஷ்டம் கிடையாது. ஏன்னா கையெழுத்து போட்டப்புறம் வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் கட்டணும், வந்தாலும் வராட்டியும். அது ஏறிக்கிட்டேதான் போகும். அதுல தள்ளுபடியே கிடையாது. திருப்பிக் குடுக்கவும் முடியாது, வேற யாருக்கும் விக்கவும் முடியாது. சும்மா குடுத்தாலும் ஆள் வராது. வீட்டுக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்து வாங்கினது இல்ல, அதனாலதான் வீட்டுக்கு அனுப்பறது இல்ல. போதுமா?

இதெல்லாம் எனக்குத் தெரியாமலா நிக்கறேன்? மாசக் கடைசியில ஒரு கையெழுத்து குறைஞ்சா மறுநாள் பேட்ஜைக் கழட்டி வாங்கிப்பாங்க. கடைசி ரெண்டு நாள், ஒரு கையெழுத்து குறைஞ்சுது. போன்ல பேரைத் தள்ளிக்கிட்டே வந்தேன். எனக்கு இல்லைனு சொல்லாதவங்க ஒருத்தர்தான் இருந்தாங்க.

வளவன்


அடி அண்ணாமலை
24.11.2025

வளவா,

நலம்.

என் சோத்துலயும் அது இருக்குனு எழுதியிருந்தே. நாலு நாள் அது தொண்டையிலேயே நின்னுச்சு. ஆமா, இருக்கு. அதனாலதான் எனக்கு இவ்வளவு கோவம். நீ கேட்டுட்டே, நான் ஒத்துக்கிட்டேன். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. அந்தப் பேரை வெச்சது யாரு?

நேத்தோட உன் தீப வாரம் முடிஞ்சுது. ஏழு நாளும் மழை. மலையே தெரியல, மேகம் மூடிக்கிச்சு. மூணாவது மாடியில எல்லா ரூமும் பூட்டியே கிடந்துச்சு. ஹவுஸ்கீப்பிங் ராணியம்மாள் ஈரத்துணி காயப் போட்டிருந்தாங்க.

இன்னைக்குக் கொடியேத்தியாச்சு. பத்தாம் நாள் தீபம். மேனேஜர்கிட்ட அத்தைக்கு ஒரு ரூம் கேட்டேன், எனக்குச் சம்பளமே வேணாம்னும் சொன்னேன். "உனக்குக் குடுத்தா மெம்பர் எல்லாரும் வருவான்மா"னுட்டாரு. வெயிட்டிங் லிஸ்ட்டுல அத்தைக்கு முன்னால எத்தனை பேர்னு பாத்தேன். திரையைத் தள்ளிக்கிட்டே போனேன், முடியலை.

அத்தை பை கட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. செவ்வாய்க்கிழமை காலையில டயாலிசிஸ் முடிச்ச கையோட கிளம்பறதா சொல்லியிருக்காங்க. நீ ஆரணிக்கு நேர்ல போ. மாமா முன்னால உக்காந்து ரூம் இல்லைனு உன் வாயால சொல்லு. அப்புறம் நம்ம வீட்டு மாடிக்கு வரச் சொல்லிக் கெஞ்சு. நீ கெஞ்சினா வருவாங்க. எனக்கு நீ எதுவும் செய்ய வேணாம். இது ஒண்ணைச் செய்.

அக்கா


கோயம்புத்தூர்
28.11.2025

அக்கா,

ரூம்மேட் உன் லெட்டரைப் படிச்சுச் சொன்னான். இங்க மூணாந்தேதி வரைக்கும் ஹால். லீவு கேட்டா வேலை போயிடும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன், டைமுக்கு வரும்னு நினைக்கறேன்.

அத்தைக்குப் போன் பண்ணேன். மாமாதான் எடுத்தாரு. புது வேட்டி வாங்கியிருக்கேன்டானு சொன்னாரு. சொல்ல முடியலக்கா.

அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாவது மேனேஜ் பண்ணிக்கோ.

வளவன்


அடி அண்ணாமலை
6.12.2025

வளவா,

மேனேஜ் பண்ணிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரோட்டை அடைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து சேந்தாங்க. வாடகைக் காரு. மாமா பாதியா இருக்காருடா. கையில ஊசி போட்ட கட்டு அப்படியே இருக்கு. புது வேட்டி. அத்தை கழுத்துல தொங்கற கார்டைக் கழட்டி டெஸ்க்ல வெச்சாங்க. "மெம்பருங்க, மேடம்."

கம்ப்யூட்டரைத் தட்டற மாதிரி தட்டிக்கிட்டு நின்னேன். இல்லைனு சொல்லணும். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், வாய் பழகிப் போச்சு. மாமா சேர்ல உக்காந்து கண்ணாடி வழியா மலையையே பாத்துட்டு இருந்தாரு. "இங்கேந்து நேரா தெரியுது பாரு, திரௌபதி"னாரு. அவ்வளவுதான். பெங்களூர் கம்பெனிக்காரங்களுக்கு எடுத்து வெச்சிருந்த மூணாவது மாடி மூலை ரூம் சாவியை எடுத்து நீட்டிட்டேன்.

ராத்திரி பெங்களூர்க்காரங்க வந்தாங்க. கத்தினாங்க. மேனேஜர் வந்து அவங்களைவிட ஜாஸ்தி கத்தினாரு. "இப்பவே மேல போய் அந்தக் கிழங்களைக் காலி பண்ணு"னாரு. "நீங்க போய்ப் பண்ணுங்க. பேஷன்ட்டை வெளியே தூக்கிப் போட்டீங்கனு லாபியில நிக்கற அத்தனை பேர் போன்லயும் வீடியோ வரும்"னு சொன்னேன். நான்தான் சொன்னேன், வளவா. எனக்கு அவ்வளவு குரல் இருக்குனு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவரு தன் ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு ஆபீஸ்ல படுத்தாரு.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அந்த ரூம் வாசல்ல நின்னேன், உள்ள போகலை. மாமாவைக் கட்டில்ல தலகாணி வெச்சு நிமித்தி உக்கார வெச்சிருந்தாங்க. ஊரே அரோகரானு கத்துச்சு. உச்சியில தீபம் ஏறிச்சு. மாமா கத்தலை. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு, ஊசிக் கையையும். இறக்கவே இல்ல. அத்தைதான் வலிக்கும்னு பிடிச்சு இறக்கினாங்க.

அன்னைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். இந்த ரூம் உங்களோடது இல்ல, இனிமே என்னைக்கும் இருக்காதுனு. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்? முழுங்கிட்டேன். நீ போன்ல முழுங்கினதும் நான் வாசல்ல முழுங்கினதும் ஒண்ணுதானோனு மூணு நாளா என்னை நானே திட்டிக்கறேன். எனக்கு இன்னும் கோவம் அடங்கலை, யார் மேலனுதான் தெரியல.

வியாழக்கிழமை அவங்க காரு கிளம்பின உடனே மேனேஜர் என்னை வர வேணாம்னுட்டாரு. பரவாயில்ல. இனிமே என் சோத்துல அது இருக்காது.

அடுத்த வருஷ தீபம் நவம்பர் 24ஆம். உன் நாப்பத்தேழாவது வாரம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.

அத்தைகிட்ட நீதான் சொல்லணும். இன்னும் நேரம் இருக்கு. சொல்லிடு.

எழிலரசி


ஆரணி
8.12.2025

எங்க ராசா வளவனுக்கு,

அத்தை ஆசீர்வாதத்தோட எழுதிக்கினது. நானும் மாமாவும் அந்த அண்ணாமலையார் புண்ணியத்துல சௌக்கியமா கீறோம். நீ வேளாவேளைக்கு சாப்பிடறியா, கண்ணு? போன்ல சொன்னா காத்தோட போயிடும், கைப்பட எழுதித்தான் அனுப்பணும்னு மாமா ஒரே பிடிவாதம். எனக்கு எழுத்து கோணும், பொறுத்துப் படி.

பாத்துட்டோம்பா! படுத்துக்கினே பாத்தாரு. நீ சொன்ன மாதிரியே மூணாவது மாடி, மூலை ரூம், நேரா மலை. நமக்காகவே வெயிட் பண்ணி வெச்சிருந்தாங்க. மாமா அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. "என் புள்ள மாதிரிடி அவன், எனக்குப் பொறக்காத புள்ள"னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அடுத்த வருஷமும் இதே ரூமுதான் வேணும்னு சொல்லச் சொன்னாரு, எழுதி வெச்சுக்கோ. டாக்டரு என்ன சொன்னா என்ன, அதுவரைக்கும் இருந்துடுவேன்னு இப்ப தைரியமா பேசறாரு. நேத்து ரெண்டு இட்லி கூடவே தின்னாரு.

உங்க அக்காவைப் பாத்தேன். நான் முகம் குடுத்துப் பேசலை, அது வேற விஷயம். ஆனா டெஸ்க்ல நிக்கறவ சிரிக்க வேணாமா? எங்களைப் பாத்ததும் பேயறைஞ்ச மாதிரி நின்னா. சாவி குடுக்கவே அவ்வளவு நேரம். வர்ற மெம்பருங்ககிட்ட நல்லாப் பேசச் சொல்லி அவளுக்கு நீ கொஞ்சம் புத்தி சொல்லு. உன் பேருதான் கெடும்.

நல்ல சேதி ஒண்ணு. நாங்க தீபம் பாத்த கதையை மாமா தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. எதிர்வீட்டு கீர்த்தனா குடும்பம், அவங்க சம்பந்தி, அப்புறம் மாமாகூட டிப்போவுல இருந்த மாறன், மூணு குடும்பமும் வர்ற ஞாயித்துக்கிழமை உன் ஹாலுக்கு வராங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போவணும், அன்னைக்கே கையெழுத்து போட்டாத்தான் விலை கம்மினு நானே சொல்லி அனுப்பறேன். மாறன் பொண்டாட்டிக்கும் பாவம், கால் வெளங்காது.

அவங்களுக்கும் எங்களுக்குப் போட்ட அதே தள்ளுபடியைப் போட்டுக் குடு, ராசா.

இப்படிக்கு,
உன் அத்தை திரௌபதி